பத்து நாற்பதுக்கு முறிந்த சவாரி

காலை பத்து மணி நாற்பது நிமிடம். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல எனக்கு நினைவாற்றல் ஒன்றும் கிடையாது. நேற்று வைத்த குழம்பு என்னவென்று இன்று கேட்டால் முழிப்பேன். அந்த நேரத்தை நான் நோட்டில் எழுதினேன். என் நான்கு வயது மகள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, இரண்டடி தள்ளி நின்று, பேனா மூடியைக் கழற்றி, அழகான கையெழுத்தில் எழுதினேன். அதனால்தான் தெரியும்.

போன வாரம் ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் தம்பிகள் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கண்ணில் புரை விழுந்து நான் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. நலம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து காபி போடச் சொன்னேன். காபி குடித்து முடித்த பிறகு விஷயம் வெளியே வந்தது.

"அண்ணாச்சி, சவாரி பாதியில நின்னா வாடகை வாங்கலாமா, வாங்கக் கூடாதா? தெனமும் ஸ்டாண்டுல சண்டையா இருக்கு. ஒங்க காலத்துல இதுக்குச் சட்டமே எழுதி வச்சிருந்தீகளாமே. அதை எடுத்துக் குடுத்தீகன்னா போர்டுல எழுதி மாட்டிருவோம்."

எழுதி வைத்திருந்தது உண்மைதான். எழுதியவன் நான்தான் என்பதும் உண்மைதான். அதைக் கொடுப்பதற்குப் பதிலாக இதை எழுதிக் கொடுக்கிறேன். போர்டில் மாட்ட முடியாத அளவுக்கு நீளமாக இருக்கும், அதுவும் நல்லதற்குத்தான்.

நான் மிஷன் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன். சர்க்கார் உத்தியோகம் வீடு தேடி வரும் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன். வரவில்லை. நூல் ஏற்றும் லாரியில் இரண்டு வருடம் கிளீனராகப் போனேன், லைசென்ஸ் எடுத்தேன், அருப்புக்கோட்டை ஸ்டாண்டில் கிருஷ்ணப்பா முதலாளியின் கறுப்பு வண்டியில் உட்கார்ந்தேன். பயிற்சிக் காலம் முடிந்தது.

ஸ்டாண்டில் அன்றைக்கு எஸ்.எஸ்.எல்.சி. படித்த டிரைவர் நான் ஒருவன்தான். எனவே எந்தத் தகராறு வந்தாலும், "தங்கராசுகிட்டப் போங்க, படிச்சவன்" என்று அனுப்பிவிடுவார்கள். படித்தவன் என்று பெயர் எடுத்துவிட்டால் தெரியாது என்று சொல்ல முடியாது. தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தேன்.

மல்லாங்கிணற்றுக்கு மாட்டுத் தரகரைப் பார்க்க ஒருவர் வண்டி பிடித்தார். பாளையம்பட்டி தாண்டுவதற்குள், அந்தத் தரகர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். "நிறுத்து நிறுத்து, வேலை முடிஞ்சது" என்று இறங்கி, டவுன் பஸ் கட்டணத்தை நீட்டினார். இன்னொரு முறை, கோபித்துக்கொண்டு போன மனைவியை மாமியார் வீட்டிலிருந்து அழைத்து வந்த கணவன், பாதி வழியில் மறுபடியும் சண்டை வந்து அவள் இறங்கி நடந்துவிட, "ஒரு ஆள் கொறஞ்சு போச்சுல்ல, பாதி வாடகைதான்" என்றான். இப்படிப்பட்ட மேதைகளுக்காகத்தான் சட்டம் எழுதினேன். வண்டி பழுதாகி நின்றால் வாடகை இல்லை. ஆள் தானாக இறங்கினால் போக வர முழு வாடகை. மழையோ வெள்ளமோ பாதையை மறித்தால் பாதி. கிருஷ்ணப்பா முதலாளி அதை வாசித்துப் பார்த்தார். முதல் விதியில் மட்டும் அவருக்கு மனவருத்தம். "நின்ன எடம் வரைக்கும் வந்துதானே இருக்கு?" என்றார். பிறகு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். அதுதான் அவருடைய முத்திரை.

சவாரியை எந்தக் காரணத்துக்காக முறித்தாலும் டிரைவர் வண்டியை இடதுபுறம் ஓரம் கட்ட வேண்டும். மைல் மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். மணியை எழுத வேண்டும். காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். கடைசியாகப் பயணியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் சவாரி முறியவில்லை என்று அர்த்தம்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு நூல் கடைதான் தொழில். இரண்டு கார்களும் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்வார். அந்தப் பொழுதுபோக்கில் அவர் ஒரு சொட்டுப் பெட்ரோலைக்கூட மன்னித்ததில்லை. வண்டி திரும்பி வந்ததும் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் பார்க்கும் வைத்தியர் மாதிரி. சூட்டை வைத்தே எத்தனை மைல் ஓடியது என்று தெரியுமாம். நாங்கள் பேசும்போது எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். தராசில் நூல் சிட்டங்களை வைத்துக்கொண்டே கேட்பார். கோபம் வந்தால் வீட்டில் பேசும் கன்னடத்துக்குப் போய்விடுவார். பத்து வருடத்தில் எங்களுக்கு அது நன்றாகவே புரிய ஆரம்பித்திருந்தது. புரியாதது போல நிற்போம். அவருக்கும் எங்களுக்கும் அதுவே வசதி.

இனி அந்த நாள். அறுபதுகளின் கடைசி. வீரசோழனைச் சேர்ந்த காசிம் பாயும் அவர் வீட்டம்மா ஜைனம்பும் டவுனில் பட்டும் பலகாரமும் வாங்கிக்கொண்டு என் வண்டியில் ஏறினார்கள். அன்று மத்தியானம் அவர்கள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். காசிம் பாய் சிக்கனமான வியாபாரி. டாக்ஸியில் ஏறியதே அவருக்குப் பெரிய காரியம். ஏறும்போதே சொன்னார்: "தம்பி, பஸ்ஸுல போனா ரெண்டு மணி ஆயிரும். பன்னெண்டுக்கு முந்தி நான் வீட்டு வாசல்ல நிக்கணும். அதுக்குத்தான் இந்தத் தண்டம்."

"பதினொண்ணே முக்காலுக்கு விட்டுர்றேன் பாய்" என்றேன். நான் கொடுத்துக் காப்பாற்றாத வாக்குகளில் அது ஒன்று.

திருச்சுழிக்கு இரண்டு மைல் முன்னால், கருவேல மரம் தவிர வேறு நிழல் இல்லாத இடத்தில், ரோட்டின் நடுவே ஒரு பெண் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். பிரேக் போட்ட பிறகுதான் அது என் மனைவி ஞானம் என்று தெரிந்தது. பக்கத்துக் காட்டில் மாமனாருக்குக் கடலை பறிப்பு. ஞானம் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருந்தாள். தோளில் லில்லி கிடந்தாள். பச்சைக் கடலையை வாயில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள், தடுக்கி விழுந்திருக்கிறாள். பருப்பு மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. அவள் அழவில்லை. அழுவதற்குக் காற்று வேண்டுமே. நெஞ்சு மட்டும் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. விசில் ஊதுவது போல ஒரு மெல்லிய சத்தம்.

"எந்த வண்டியா இருந்தாலும் மறிக்கணும்னுதான் ஓடி வந்தேன்" என்று ஞானம் பிறகு சொன்னாள். "ஒங்க வண்டின்னு தெரிஞ்சதும் உசுரு வந்துச்சு."

பாவம், அவளுக்குத் தெரியாது, வேறு எவனுடைய வண்டியாக இருந்தாலும் உடனே திருப்பியிருப்பான். வந்தது சட்டம் எழுதியவனின் வண்டி.

நான் என்ன செய்தேன் என்றால், வண்டியை இடதுபுறம் ஓரம் கட்டினேன். நோட்டை எடுத்தேன். மைல் மீட்டரைப் பார்த்து எழுதினேன். இறங்கி நின்று, மணி பத்து நாற்பது என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தேன். வண்டி நிற்கவில்லை, ஆள் இறங்கவில்லை, பாதை மறிக்கவில்லை. என் சட்டத்தில் இதற்கு இடமில்லை. 'குடும்ப விஷயம்' என்று எழுதினேன். கை நடுங்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னை நடுங்க வைக்கிறது. பயந்த மனிதன் ஓடுவான், கத்துவான் என்று நினைத்திருந்தேன். நான் பயந்தால் எழுதுவேன் போலிருக்கிறது.

நோட்டை ஜன்னல் வழியாகப் பின்சீட்டுக்கு நீட்டினேன். "பாய், சவாரியை இங்க முறிக்கிறேன். எம் புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். ஒரு கையெழுத்து போடுங்க."

காசிம் பாய் நல்ல மனிதர். போட மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் முப்பது வருடம் வியாபாரம் பண்ணியவர், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். "மைல் இது சரியா தம்பி?" என்று கேட்டார். நானும் "சரிதான் பாய்" என்றேன். இப்படி இரண்டு கண்ணியமான ஆண்கள் அந்த வெயிலில் நடைமுறையை ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தோம்.

மறுபக்கக் கதவு திறந்தது. ஜைனம்பு அம்மா இறங்கிச் சுற்றி வந்து, ஞானத்தின் தோளிலிருந்து லில்லியைப் பிடுங்கினார். பலகாரக் கூடையைக் காலால் தள்ளிவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் ஓங்கித் தட்டினார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் நிதானமா கையெழுத்து போட்டு முடிங்க. புள்ள போனதுக்கப்புறம் சாட்சிக்கு நான் வாரேன்."

அதற்குப் பிறகுதான் நான் வண்டியைத் திருப்பினேன். இந்தக் கூத்து மூன்று நிமிடம் நடந்தது என்கிறாள் ஞானம். ஒன்றரைதான் என்று நான் வாதாடுகிறேன். பத்து வருடமாக இந்த வழக்கு எங்கள் வீட்டில் நடக்கிறது. வாய்தா மட்டும் தள்ளிப் போகிறது.

பயணிகளை இறக்கவில்லை. இறக்க யாருக்கும் தோன்றவில்லை. ஞானம் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து லில்லியின் காலைப் பிடித்துக்கொண்டாள். காசிம் பாய் மடியில் பட்டுப் பெட்டியும், அதன் மேல் அல்வாப் பெட்டியும், அதன் மேல் என் நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். ஜைனம்பு அம்மா தட்டுவதை நிறுத்தவேயில்லை. தட்டத் தட்டக் கொஞ்சம் காற்று உள்ளே போவது அந்த விசில் சத்தத்தில் தெரிந்தது. சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

நான்கு மைல் வந்ததும் ரோட்டை அடைத்துக்கொண்டு செம்மறி ஆட்டு மந்தை. ஹாரன் அடித்தேன். ஆடுகள் ஹாரனை ரசித்தன. காசிம் பாய் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, சம்பந்தி வீட்டாருக்காக உடுத்தியிருந்த புது வேட்டியோடு புழுதியில் குதித்தார். குடையைச் சுழற்றிக்கொண்டு, "எலே, ஒதுக்குலே! காருக்குள்ள உசுரு போகுதுலே!" என்று ஆட்டுக்காரனையும் ஆடுகளையும் ஒன்றாகத் திட்டிக்கொண்டே முன்னால் ஓடினார். பாதை கிடைத்ததும் ஓடும் வண்டியில் ஏறினார். வேட்டி முழங்கால் வரை செம்மண்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் குழாயை லில்லியின் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் காற்றே போகவில்லை என்றார். "இங்க எடுக்க முடியாது. மதுரைக்குப் போங்க. நிக்காமப் போங்க."

வாசலில் காசிம் பாயும் ஜைனம்பு அம்மாவும் தங்கள் பெட்டிகளோடு நின்றார்கள். காலையில் ஏறிய அதே ஊர். மணி பதினொன்றரைக்கு மேல் ஆகிவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "பாய், நீங்க ஒண்ணும் தர வேண்டாம்" என்றேன்.

"அதை நீ சொல்லக் கூடாது தம்பி. ஒன் முதலாளி சொல்லணும்" என்றார். நோட்டை என்னிடம் கொடுத்தார். பிறகு, "மொதல்ல கெளம்பு" என்றார். கண்ணாடியில் பார்த்தபோது இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

மதுரையில் தொண்டை வழியாகக் குழாயை விட்டு அந்தப் பருப்பை எடுத்தார்கள். ஒரு சின்னத் தாளில் வைத்து என்னிடம் காட்டினார்கள். பாதிப் பருப்பு. முழுசுகூட இல்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு, முதலாளியின் இன்னொரு வண்டியை ஓட்டும் முத்து வந்தான். லில்லியைப் பார்த்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான், என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான்.

"ஏலே தங்கராசு, முதலாளி புள்ளைய விசாரிச்சுட்டு வரச் சொன்னாரு. வண்டிச் சாவியையும் வாங்கிட்டு வரச் சொன்னாரு. எதை மொதல்ல சொன்னாருன்னு மட்டும் கேக்காதலே."

வீட்டுக்கு வந்த மறுநாள் நூல் கடையில் விசாரணை. முதலாளி சிட்டங்களைத் தராசில் அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"புள்ள எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு முதலாளி. சத்தம்தான் கொஞ்சம் கம்மியிருக்கு."

"சந்தோசம். பாய் எங்க ஏறுனாரு?"

"நம்ம ஸ்டாண்டுல."

"எங்க எறங்குனாரு?"

"ஆஸ்பத்திரி வாசல்ல."

"ரெண்டும் அருப்புக்கோட்டைதானே? அப்ப போக வர சவாரி முடிஞ்சு போச்சு. வாடகை எங்க?"

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவேயில்லை. "அவுக வீரசோழனுக்குப் போகக் கேட்டாக முதலாளி" என்றேன்.

"கேட்டாரு சரி. பாதி வழி போயிட்டு வந்தாருல்ல? காத்து வாங்கியிருக்காரு. ஒன் புள்ளைக்குக் கெடைக்காத காத்து." சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. ஆடிக்கொண்டிருந்த தராசு முள்ளை விரலால் பிடித்து நிறுத்தினார். பிறகு நோட்டைக் கேட்டார். விரல் அந்தப் பக்கத்தில் மெல்ல இறங்கியது. மைல் இருந்தது, மணி இருந்தது, காரணம் இருந்தது.

"கையெழுத்து?"

"போடலை முதலாளி. படிச்சுக்கிட்டு இருந்தாக. அதுக்குள்ள கெளம்பிட்டோம்."

"கையெழுத்து இல்லாம சவாரி முறியாது. நீ எழுதுன சட்டம். அப்ப இந்தச் சவாரி இன்னும் முறியல. நீ வீரசோழன் போயி வாடகைய வாங்கு, இல்லைன்னா கையெழுத்த வாங்கு. ரெண்டுல ஒண்ணு இல்லாம இந்தப் பக்கத்த நான் திருப்ப மாட்டேன்." நோட்டையும் வண்டிச் சாவியையும் என் பக்கம் தள்ளினார். மதுரைக்குப் போன வாடகை என் கணக்கில் ஏறியது. அதைப் பற்றி அவர் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது, அவருடைய வண்டி, என்னுடைய மகள்.

நான் வீரசோழன் போகவில்லை. இரண்டு முறை பஸ்ஸில் ஏறினேன். இரண்டு முறையும் திருச்சுழியில் இறங்கித் திரும்பினேன். அதற்குள் ஸ்டாண்டில் செய்தி வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டுக்கு வந்தார்கள். பெண்ணைப் பெற்றவர் இல்லாத வீட்டில் இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். அவமரியாதை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் ராத்திரியில் கண்ணை மூடினால், ஒரு பக்கம் லில்லியின் விசில் சத்தம் கேட்கும். இன்னொரு பக்கம், அலங்காரம் பண்ணிக்கொண்டு யாரோ ஒரு பெண் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கும் லில்லி பள்ளிக்கூடம் விட்டு வரப் பத்து நிமிடம் தாமதமானால் வாசலில் போய் நிற்கிறேன். கடலை கொடுத்தால் இடித்துத்தான் கொடுக்கிறேன். "அப்பா, நான் ஒம்பதாவது படிக்கிறேன்" என்கிறாள். படிக்கட்டும். நானும் படித்தவன்தான்.

தம்பிகளே, நீங்கள் கேட்டதற்குப் பதில் இந்தக் கதையில் இருக்கிறதா என்று தேடாதீர்கள். பயணி முக்கால் வழியில் இறங்கினால் என்ன, கால் வழியில் இறங்கினால் என்ன என்று கணக்குப் போட்டுப் போர்டு எழுத ஆள் கிடைப்பான். நான் எழுத மாட்டேன். எழுதினால் என்ன ஆகும் என்று பார்த்தவன். நீங்கள் வேண்டுமானால் ஒன்று செய்யுங்கள்: வண்டியில் நோட்டையும் பேனாவையும் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அந்தப் பக்கம் ஐந்து வாரம் திருப்பப்படாமலே கிடந்தது. பிறகு ஒரு நாள் காலை, எட்டு மணி இருக்கும், ஸ்டாண்டுக்கு எதிரே நின்ற மதுரை பஸ்ஸிலிருந்து காசிம் பாயும் ஜைனம்பு அம்மாவும் இறங்கினார்கள். கையில் மறுபடியும் பட்டுப் பெட்டி. எங்கேயாவது ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஓடுவதற்குள் அவர்கள் வண்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

"பாய், பொண்ணு விஷயம் கேள்விப்பட்டேன்..." என்று ஆரம்பித்தேன்.

ஜைனம்பு அம்மா முடிக்க விடவில்லை. "ரெண்டு மணி நேரம் காத்திருக்க மாட்டாதவுக அவுக. அந்த வீட்டுல ஆயுசுக்கும் எம் மக என்ன பாடு பட்டிருப்பா? இன்னிக்கு வேற எடத்துல இருந்து வாராக. பேச்சைக் கொறச்சுட்டு வண்டிய எடு."

காசிம் பாய் கையை நீட்டினார். "அந்த நோட்டைக் கொண்டா தம்பி."

கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விட்ட இடத்திலிருந்து வாசித்தார். "கையெழுத்து போட்டா என்ன ஆகும்?"

"சவாரி முறிஞ்சதா ஆகும் பாய்."

"போடலைன்னா?"

"இன்னும் நடக்குதுன்னு முதலாளி சொல்றாக."

"நல்லாச் சொன்னாக" என்றார் காசிம் பாய். நோட்டை மூடினார், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

ஜைனம்பு அம்மா ஒரு காலை வண்டிக்குள் வைத்தவர், அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒம் புள்ள எங்க இருக்கு? வீட்டுப் பக்கம் மொதல்ல விடு. இந்தத் தடவ அவளை இங்கேயே ஏத்திக்கிருவோம். பாதி வழியில நின்னு ஏத்த எங்களுக்கு நேரமில்ல."